விருது பெற்றவர் பெயர்

பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முக்கில், தேங்காய்க் கடைகளுக்குப் பக்கத்து மின்கம்பத்தில் அந்தத் தட்டியைக் கட்டியிருந்தார்கள். கறுப்புச் சட்டை போட்ட ஓர் ஆள் மோவாயில் கைவைத்து, அரபிக்கடலுக்கு அப்பால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு இருபுறமும், விருதுக்கு அடையாளமாகப் போடுகிற பொன்னிற இலைக்கொத்துகள். 'சர்வதேச விருது வென்ற நம் இயக்குநருக்குப் பாராட்டு' என்று மலையாளத்தில் பெரிதாகவும் தமிழில் சிறிதாகவும் அச்சடித்திருந்தது. அவருடைய தெருக்காரர்கள் வைத்த தட்டி.

நான் பேருந்துக்காக அங்கே நின்றிருந்தேன். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். அந்த விருதும் தெரியும். அது அவருக்குக் கொடுத்த விருது இல்லை என்பதும் தெரியும்.

நான் படங்களுக்கு சப்டைட்டில் எழுதிப் பிழைக்கிறவள். பெரும்பாலும் மலையாளப் படங்கள். எப்போதாவது இந்த ஊரில் யாராவது துணிந்து எடுக்கிற சின்னத் தமிழ்ப் படங்கள். தட்டியில் இருந்தவரின் படமும் அப்படி வந்ததுதான். அவர் கோட்டைப் பக்கம் ஓர் அக்ரஹாரத் தெருவில் பிறந்தவர். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு சினிமாவுக்கு வந்தவர். இந்தத் தகவலை அவரைச் சந்திக்கிற எவரும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் அவர் வாயாலேயே தெரிந்துகொள்ளலாம். என்னிடம் வீட்டுத் தமிழ் பேசுவார், படக்குழுவிடம் மலையாளம், மேடை ஏறினால் ஆங்கிலம்.

படத்தை வித்துராவிலும் அதற்கு மேலே மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தோட்டத்திலும் எடுத்தார். தோட்டம் மூடிய பிறகும் கம்பெனி கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய மறுக்கிற ஒரு தமிழ்த் தொழிலாளியின் கதை. படம் எப்படி என்று கேட்டால், மூடுபனி நன்றாக நடித்திருந்தது. கேமரா ஒரு மரத்தைப் பார்க்க ஆரம்பித்தால் அந்த மரத்துக்கே கூச்சம் வருகிற வரைக்கும் பார்த்தது. ஆனால் அந்தத் தொழிலாளியாக நடித்த பெண் வருகிற இடங்களில் எல்லாம் நான் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மின்சாரத்தைத் துண்டிக்க வந்தவனுக்குப் பால் விடாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்து, "குடிச்சிட்டு வெட்டு" என்பாள். அவ்வளவுதான் வசனம். அதில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. அதை ஆங்கிலமாக்க நான் ஒரு பகல் முழுக்கத் திண்டாடினேன்.

அந்தப் பெண் அதற்கு முன்னால் நடித்ததே கிடையாது. சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையில் நிற்கிறவள். தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து நடுவயதைத் தொட்டவள். இயக்குநர் தன் அம்மாவுக்குப் புடவை எடுக்கப் போன இடத்தில், பிரித்துப் போட்ட புடவைகளை எல்லாம் வேண்டாம் என்று எழுந்த ஒரு வாடிக்கைக்காரியோடு அவள் சண்டை போட்டுக்கொண்டிருந்தாளாம். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நடிக்கக் கூப்பிட்டார். படம் சம்பந்தமாக அவர் செய்த காரியங்களில் உருப்படியானது அது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

படம் ஐரோப்பாவில் ஒரு சிறிய மலைநகரத்து விழாவுக்குத் தேர்வானது. அதை நான் குறைசொல்ல மாட்டேன். திரையும் நாற்காலிகளும் ஜலதோஷம் பிடித்த பார்வையாளர்களும் கொண்ட நிஜமான விழா. இங்கிருந்து யாரும் நேரில் போகவில்லை. விருது அறிவிப்புக்குக் கணினியில் இணைப்புக் கொடுத்திருந்தார்கள். மொழிபெயர்க்க நேரலாம் என்று என்னையும் சேர்த்திருந்தார்கள். இங்கே அப்போது சாயங்காலம், நல்ல மழை. நடுவர் குழுவின் தலைவி, நரைத்த முடியைக் கழுத்துக்கு மேல் வெட்டிய ஓர் அம்மாள், கையில் தாள் எதுவும் இல்லாமல் சொன்னாள்: நடிப்புக்கான சிறப்புப் பாராட்டு, தேயிலைத் தொழிலாளியாக நடித்த பெண்மணிக்கு. அந்தத் தேநீர் கொடுக்கிற காட்சியைத் தாங்கள் திரும்பவும் போட்டுப் பார்த்ததாகச் சொன்னாள். பிறகு அவள் பெயரை, ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவி, ஆனால் சரியாகவே உச்சரித்தாள்.

பெயருக்குரியவள் அந்த இணைப்பில் இல்லை. ஓணம் நெருங்கிக்கொண்டிருந்தது, கடையில் விடுப்புத் தரவில்லை. இயக்குநர் அவள் சார்பில் ஏற்றுக்கொண்டார். கைகூப்பினார். தன் தாத்தாவுக்கு நன்றி சொன்னார். சிறுவயதில் ஜன்னல் வழியே பார்த்த மழைக்கு நன்றி சொன்னார். உலக சினிமாவுக்கு நன்றி சொன்னார். நடித்தவளின் பெயரைச் சொல்ல மட்டும் மழையும் உலக சினிமாவும் இடம் விடவில்லை. நடுவர் அம்மாள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "அவரிடம் சொல்லிவிடுங்கள்" என்றாள். "நிச்சயமாக" என்றார் இவர்.

இதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் பழவங்காடியில் தட்டி வந்தது. வீட்டுக்குப் போனதும் கணினியைத் திறந்து, அந்தப் படத்தின் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன்.

அந்தப் பக்கம் என்றால், உலகத்துப் படங்களின் விவரங்களை எல்லாம் சேர்த்து வைத்திருக்கிற ஓர் இணையதளத்தில் உள்ளது. யார் நடித்தார்கள், யார் எடுத்தார்கள், என்ன விருது வாங்கியது என்று எல்லாம் இருக்கும். யார் வேண்டுமானாலும் விவரம் அனுப்பலாம், திருத்தம் அனுப்பலாம். முகம் தெரியாத சரிபார்ப்பவர்கள் ஏற்பார்கள் அல்லது தள்ளுவார்கள். நான் பல வருடங்களாக அதில் திருத்தம் போடுகிறவள். முதலில் என் சொந்தப் பெயரைச் சேர்க்கத்தான் போனேன். போன இடத்தில் தமிழ்ப் படத்தை மலையாளம் என்று போட்டிருந்தது, செத்துப்போன ஒருவரை அவர் சாவுக்குப் பின் வந்த படங்களில் எல்லாம் நடிக்க வைத்திருந்தது. கண்ணில் பட்டதைச் சும்மா விட முடியவில்லை. வழியில் கல் கிடந்தால் சிலர் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போவார்கள் அல்லவா, எனக்கு அந்தப் புத்தி.

படத்தின் விருதுப் பகுதியில் இப்படி இருந்தது: சிறப்பு விருது, சிறந்த படம். பெற்றவர் என்ற இடத்தில் இயக்குநரின் பெயர். அதற்குக் கீழே வரிசையாக இன்னும் பல. மாதாமாதம் விருது கொடுக்கிற விழாக்கள் என்று ஒரு வகை உண்டு. அங்கே திரை கிடையாது, நாற்காலி கிடையாது, பார்வையாளர் கிடையாது. விண்ணப்பக் கட்டணம் மட்டும் உண்டு. அனுப்பிய எல்லோருக்கும் ஏதாவது கிடைக்கும். சிறந்த அறிமுக இயக்குநர், சிறந்த ஆசிய இயக்குநர், சிறந்த மலைப்பிரதேச இயக்குநர். எல்லாவற்றையும் வாங்கி மாட்டியிருந்தார். உருப்படியான விழாவின் பாராட்டு அந்தக் கூட்டத்துக்குள் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி நின்றது. அதுவும் அடுத்தவர் பெயரில்.

நடிகர் பட்டியலில் முதல் பெயர், மின்சாரத்தைத் துண்டிக்க வந்தவனாக நடித்த, தயாரிப்பாளரின் மைத்துனருடையது. அவள் பெயர் கடைசிக்குச் சற்று மேலே கிடந்தது.

திருத்தம் அனுப்பினேன். விருதின் பெயர், நடிப்புக்கான சிறப்புப் பாராட்டு, பெற்றவர், இன்னார். தள்ளுபடியாகித் திரும்பி வந்தது. 'உங்கள் பங்களிப்புக்கு மிக்க நன்றி. சான்று போதுமானதல்ல.' விழாவின் இணையப் பக்கத்தில் சிறப்புப் பாராட்டு என்று போட்டுப் படத்தின் பெயரை மட்டும் எழுதியிருந்தார்கள், அதனால்தான். இயக்குநர் தரப்பிலோ ஒரு செய்தித்தாள் துணுக்கை இணைத்திருந்தார்கள். அந்தத் துணுக்கை எழுதிய நிருபர் இயக்குநரிடம் கேட்டு எழுதியவர். ஆக, இயக்குநருக்குச் சான்று செய்தித்தாள், செய்தித்தாளுக்குச் சான்று இயக்குநர். சரிபார்ப்பவர்களுக்கு அது திருப்தியாக இருந்தது. நான் விருது அறிவித்த கூட்டத்திலேயே உட்கார்ந்திருந்தவள், என் போனில் பதிவே இருக்கிறது என்று எழுதினேன். அதற்கும் மிக்க நன்றி சொன்னார்கள்.

இரண்டொரு நாளில் இயக்குநர் போன் செய்தார். படத்தின் அந்த இணையப் பக்கத்தில் யாராவது கைவைத்தால் அவருக்குத் தகவல் போய்விடுமாம். நேரில் பேச வேண்டும் என்றார். தம்பானூரில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தோம்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். விபரீதமா எடுத்துக்கப்படாது. அந்தத் திருத்தம் போட்டது நீங்களா?"

"ஆமா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதோ?"

"நீங்க அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொன்னேனே! படத்துக்கு அவார்டு கிடைச்சிருக்குன்னு கடைக்கே போய்ச் சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டா."

"அவார்டு படத்துக்கு இல்லையே."

காபியைத் தள்ளி வைத்துவிட்டு எனக்குப் பாடம் எடுக்கத் தயாரானார். "இதோ பாருங்கோ. நடிப்புன்னா என்ன? அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தினது யாரு? அந்த ஃபிரேம் யாரோடது? அந்த சாயா கிளாஸை அவ கையில கொடுத்தது யாரு? நானாக்கும்."

"அப்படின்னா அந்த கிளாஸுக்கும் ஒரு பங்கு போட்டிருக்கலாம்."

"களியாக்காதீங்கோ அக்கா, பரிகாசம் வேண்டாம். சினிமான்னா அது டைரக்டரோட மீடியமாக்கும். லோகம் முழுக்க அப்படித்தான்."

"அந்த ஜட்ஜம்மா அப்படிச் சொல்லலையே. பேரைச் சொன்னாங்களே."

"அவா ஒரு மரியாதைக்குச் சொன்னா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவளுக்கு இதெல்லாம் எதுக்கு, சொல்லுங்கோ. அவ அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கப் போறாளா? எனக்கு அடுத்த படம் பண்ணணும். புரொட்யூசர்னு ஒருத்தன் வந்தா முதல்ல அதைத்தான் பார்க்கறான்."

"அவளும் அடுத்த படம் பண்ணலாம் இல்லையா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பொய்யே இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். புடவைக் கடைப் பெண் தன்னுடைய படத்தில் நடித்ததோடு அவளுடைய சினிமா வாழ்க்கை முடிந்துவிட்டது என்பதில் அவருக்கு அதுவரை சந்தேகமே வந்ததில்லை. அன்றிலிருந்து நான் அக்கா இல்லை, மேடம்.

மறுநாள் சாலைக் கம்போளத்துக்குப் போனேன். கடை வாசலில் கைவண்டியிலிருந்து துணி மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அவளை இப்போது மாடிக்கு, நைட்டியும் உள்பாவாடையும் விற்கிற பகுதிக்கு மாற்றியிருந்தார்கள். படம் போட்டுக் காட்டிய அன்று பழகிய முகம் என்பதால், என்னைக் கண்டதும், "வாங்க வாங்க, சப்டைட்டிலு அக்கா! நைட்டி எடுக்கவா? நல்ல சரக்கு கீழ இல்ல, நான் எடுத்துத் தாரேன்" என்றாள்.

வந்த காரியத்தைச் சொன்னேன். அறிவிப்பின் பதிவு என் போனில் இருந்தது. அதைப் போட்டு மேஜைமேல் வைத்தேன். உள்பாவாடைக் கட்டுகளுக்கு நடுவே குனிந்து நின்று பார்த்தாள்.

"இந்தம்மா எம் பேர சொல்லுது."

"ஆமா."

"எம் பேரத்தானா?"

"உங்க பேருதான். நடிப்புக்குன்னு சொல்றாங்க. நீங்க டீ குடுக்கிற சீனை ரெண்டாம் தடவை பார்த்தாங்களாம்."

திரையில் அப்போது இயக்குநர் கைகூப்பிக்கொண்டிருந்தார். அவள் அதை உற்றுப் பார்த்தாள்.

"அப்ப இவரு எதுக்குக் கும்பிடுதாரு?"

அதற்குள் ஒரு பெண் வந்து மலையாளத்தில் ஏதோ அளவு கேட்டாள். "அது தீர்ந்நு சேச்சி, இனி அடுத்த ஆழ்ச்சதான்" என்று அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த வாரத்துக்கு அனுப்பிவிட்டு, "திரும்பப் போடுங்க" என்றாள். திரும்பப் போட்டேன். பிறகு பில் போடுகிற பெண்ணைக் கூப்பிட்டு அவளுக்கும் காட்டினாள். பிறகு மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். அவர் எழுந்து வரவில்லை. இவளே போனை எடுத்துக்கொண்டு போய் அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். "ஓணத்துக்கு லீவு கேட்டேன்ல? இதுக்குத்தான் கேட்டேன்" என்றாள். உண்மையில் எதற்குக் கேட்டாளோ தெரியாது.

திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது. "எங்கிட்ட வந்து, படத்துக்குக் கெடச்சிருக்கு, நம்ம எல்லாருக்கும் சேர்த்துத்தான்னு சொல்லிட்டு ஒரு லட்டு குடுத்தாரு அக்கா. நானும் பல்லக் காட்டிட்டு வாங்கித் தின்னேன். அந்த லட்டத் திருப்பிக் குடுக்க முடியுமா இப்ப?"

அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "அந்தப் பக்கத்துல எம் பேரு வரணும். எங்க வீட்டுக்காரரு, நீ என்ன பெரிய நடிகையான்னு எதுக்கெடுத்தாலும் கேக்காரு. மீன் தீஞ்சு போச்சுன்னாலும் கேக்காரு. அவருகிட்ட காட்டணும்."

நான் தடுத்தும் கேட்காமல் இயக்குநருக்குப் போன் செய்து கேட்டுவிட்டாள். 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்றாராம். ஒரு படக்குழுவில் எவனாவது குடும்பம் என்ற சொல்லை எடுத்தால் யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்று கிடைக்கப் போவதில்லை என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் அதில் ஒரு விதிவிலக்கைக்கூட நான் பார்த்ததில்லை.

நான் விழாக்காரர்களுக்கே மின்னஞ்சல் அனுப்பினேன். செயலாளர் மரியாதையான மனிதர். தங்கள் பக்கத்தில் எல்லா விருதுகளுக்கும் படத்தின் பெயரை மட்டும் போடுவது வழக்கம், அதனால் இப்படி ஒரு குழப்பம் வரும் என்று நினைக்கவில்லை, உடனே சரிசெய்கிறோம் என்று எழுதினார். சொன்னபடி செய்தார். நடிகையின் பெயரில் அனுப்பிய சான்றிதழ் அவருக்குக் கிடைத்ததா என்றும் கேட்டிருந்தார். அது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். இயக்குநர் வீட்டுக் கூடத்தில், சட்டம் போட்டு, டிவிக்கு மேலே. நானே பார்த்திருந்தேன், தூரத்திலிருந்து பார்த்ததால் யார் பெயர் என்று படிக்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் யாரும் படிக்கக்கூடாது என்றுதான் அவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்க வேண்டும்.

இந்த முறை திருத்தம் ஏறியது. சாலைக் கடைக்குப் போன் செய்து அவளிடம் சொன்னேன். அவள் வீட்டுக்காரர் பார்த்தாராம். பார்த்துவிட்டு, "இதுல போட்டா மட்டும் போதுமா" என்றாராம். அவரிடம் அதற்கு மேல் எதிர்பார்த்தது அவள் தவறு.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். தளத்தின் சரிபார்ப்பவர்களை நான் குறைவாக எடைபோட்டுவிட்டேன். சென்னையில் சீரியல்களில் நடிக்கிற ஒரு நடிகை இருக்கிறாள். அவளுக்கும் இவளுக்கும் ஒரே பெயர். ஒரே பெயரில் இரண்டு பக்கங்கள் இருப்பதைக் கண்டுபிடித்த யாரோ ஒரு புத்திசாலி, இரண்டும் ஒரே ஆள் என்று முடிவுகட்டி, ஒன்றாக இணைத்துவிட்டார். விருதின் திருத்தத்துக்கு அத்தனை சான்று கேட்டவர்கள், இரண்டு உயிருள்ள பெண்களை ஒருத்தியாக்குவதற்கு ஒன்றும் கேட்கவில்லை. சாலைக்காரி காணாமல் போனாள். சீரியல்காரியின் பட்டியலில் ஒரு தேயிலைத் தோட்டப் படமும் ஓர் ஐரோப்பிய விருதும் முளைத்தன.

சீரியல்காரி மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அவளுடைய மேனேஜர் உடனே ஒரு படம் தயாரித்து வெளியிட்டார். அதே பொன்னிற இலைக்கொத்து, நடுவில் அவள். ஒரு டிவி நிகழ்ச்சியில் அவளைக் கூப்பிட்டு இதைப் பற்றிக் கேட்டார்கள். "ரொம்ப சவாலான ரோல். அதுக்காகவே தேயிலை பறிக்கக் கத்துக்கிட்டேன்" என்றாள். படத்தில் யாரும் ஓர் இலைகூடப் பறிக்கவில்லை. தோட்டம் மூடிக்கிடப்பதுதான் கதையே. கேட்டவரும் படத்தைப் பார்த்ததில்லை, சொன்னவளும் பார்த்ததில்லை. பேட்டி அமோகமாக நடந்தது.

அன்றைக்கே இயக்குநரிடமிருந்து போன்.

"அக்கா! பார்த்தேளா இந்த அக்கிரமத்தை?"

மேடம் போய் அக்கா திரும்பி வந்துவிட்டதைக் கவனித்துக்கொண்டு, "எந்த அக்கிரமம்?" என்றேன்.

"என் படத்துல தலையைக்கூடக் காட்டாதவ! தேயிலை பறிக்கக் கத்துண்டாளாம்! எங்க வீட்டுல எல்லாரும் அந்தப் பேட்டியைப் பார்த்துட்டா. அம்மா கேக்கறா, உன் படத்துல இவ எங்கேடா வந்தான்னு. என் ஆர்ட்டிஸ்டோட அவார்டை ஒருத்தி பட்டப்பகல்ல தூக்கிண்டு போறா!"

"யாரோட அவார்டு?"

"அவளோடதுதான் அக்கா. நம்ம சாலைக்காரியோடது. ஜூரி பேரைச் சொல்லித்தானே கொடுத்தா? நீங்களும் கூட இருந்து கேட்டேளே!"

"டைரக்டரோட மீடியம்னு சொன்னீங்களே."

"அதெல்லாம் தியரி. இது சத்தியமாக்கும்."

நான் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். தன்னிடம் இருந்தபோது தியரி. அடுத்தவள் எடுத்தபோது சத்தியம். மனிதர் வெட்கப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. அவருடைய கோபம் அப்பழுக்கில்லாத கோபம். காபிக் கடையில் பேசியவர் வேறு யாரோ மாதிரி பேசினார்.

பக்கங்களைப் பிரிக்க வேண்டுமானால் படத்தின் இயக்குநர் எழுத்து மூலம் உறுதிசெய்ய வேண்டும் என்று தளத்தில் சொன்னார்கள். இவர் எழுதிக் கொடுத்தார். இந்தப் பாராட்டு நடிப்புக்காக, இந்தப் பெண்மணிக்கு மட்டுமே வழங்கப்பட்டது, எனக்கோ படத்துக்கோ அல்ல, சென்னை நடிகைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினார். சரியாக இருக்கிறதா என்று அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டினார். 'எனக்கோ' என்ற இடத்தை நான் மறுபடி மறுபடி படித்தேன். அருமையாக இருக்கிறது, ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள் என்றேன்.

இதோடு விட்டாரா? சமூக வலைத்தளத்தில் நீளமாக ஒரு பதிவு போட்டார். எளிய பெண்ணின் உழைப்பைத் திருடும் ஆதிக்க மனோபாவம் என்று தொடங்கி, கலையின் அறம் என்று முடித்திருந்தார். நூற்றுக்கணக்கானோர் கைதட்டினார்கள். அவருடைய நேர்மையைப் பாராட்டி ஒரு விமர்சகர் தனிக் கட்டுரை எழுதினார். பழைய தட்டியைப் பற்றி யாருக்கும் ஞாபகமில்லை.

பக்கங்கள் பிரிந்தன. சென்னை நடிகையின் மேனேஜர் இலைக்கொத்துப் படத்தைச் சத்தமில்லாமல் அழித்தார். நடிகர் பட்டியலில் மைத்துனரை எடுத்துக் கீழே வைத்து இவளை முதலில் வைக்க நான் போட்ட திருத்தமும் அதே வேகத்தில் ஏறிவிட்டது. சரிபார்ப்பவர்கள் களைத்துப் போயிருக்க வேண்டும்.

இப்போது அவளுக்குப் பாராட்டு விழா நடத்த வேண்டும் என்று இயக்குநருக்கே தோன்றியது. அவருடைய தெருக்காரர்களின் மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏற்பாடு. நானும் போனேன். மேடையில் அவர், தெருக்காரர்களின் தலைவர், அந்த விமர்சகர், ஓரத்து நாற்காலியில் அவள். மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை; கடையிலிருந்து மேற்பார்வையாளரே எடுத்துக் கொடுத்ததாம். எதிரே முதல் வரிசையில் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார், போட்டோ எடுக்கிறவர் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு.

எல்லோரும் பேசினார்கள். இயக்குநர்தான் அதிகம் பேசினார். ஜவுளிக்கடையில் அவள் குரலைக் கேட்ட அந்தக் கணம், அந்தக் கணத்தில் தனக்குள் நிகழ்ந்தது, அதற்கு முன் நிகழ்ந்தது, தாத்தா, மழை. பிறகு சட்டம் போட்ட சான்றிதழைத் தன் கையால் அவளிடம் கொடுத்துவிட்டு, கேமரா அணைகிற வரை அதன் ஒரு மூலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவளைப் பேசச் சொன்னார்கள். மைக்கைத் தட்டிப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேச ஒண்ணும் வராது. இது இத்தன நாளா சார் வீட்டு டிவிக்கு மேல இருந்துச்சு. பல்லி எச்சம் ஒண்ணும் படாம பத்திரமா வச்சிருந்திருக்காங்க. இப்பத்தான் எங்கிட்டக் குடுக்கணும்னு மனசு வந்திருக்கு. சாருக்கு ரொம்ப நன்றி."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. என்ன ஒரு நகைச்சுவை உணர்வு என்று விமர்சகர் தலைவரின் காதில் சொன்னார். எல்லோரையும்விட உரக்கச் சிரித்துக் கைதட்டியவர் இயக்குநர்தான். அவள் சிரிக்கவில்லை. சான்றிதழைத் திருப்பி, தன் பெயர் இருக்கிற பக்கம் கூட்டத்துக்குத் தெரிகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்த விழாவுக்குப் பிறகு கொச்சியிலிருந்து ஒரு படக்குழு அவளைத் தேடிக் கடைக்கே வந்தது. தளத்தில் பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார்களாம். அதை எனக்குப் போனில் சொன்னபோது அவள் குரலில் நைட்டி விற்கிற உற்சாகத்துக்கு மேல் எதுவும் இல்லை.

"என்ன வேஷம்னு கேட்டேன் அக்கா. மகன் செத்துப்போயி கிடந்து அழுவுத அம்மாவாம். படம் பூரா அழுவணுமாம். எனக்கு முடியாதுன்னுட்டேன்."

"ஏன்? நல்ல குழு ஆச்சே."

"ஒரு தடவ மலையில போயி மஞ்சுப் பனியில நின்னு சளி பிடிச்சது போதும். போலீசு வேஷம் இருந்தா சொல்லுங்க, வாரேன்னேன். சிரிச்சிட்டுப் போயிட்டானுவ."

ஆனால் அவர்கள் திரும்ப வந்தார்கள். அதே படத்தில் ஒரு பெண் ஏட்டு வருகிறாளாம். சின்ன வேஷமாக இருந்ததை இவளுக்காகப் பெரிதாக்குகிறார்களாம். காக்கிச் சட்டைக்கு அளவெடுக்க வந்த தையல்காரரிடம், தோளில் துணி போதாது, இன்னும் கொஞ்சம் விட்டுத் தை என்று கடையில் வைத்தே சண்டை போட்டிருக்கிறாள். மேற்பார்வையாளர் வந்து விலக்கிவிட்டாராம்.